லயத்துப் புலாசான்: விதைக்கன்றை நட்டு வளர்ப்பது தகுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறத்தில் 60 அடி நீளமும் 40 அடி அகலமும் உள்ள நிலம் இருக்கிறது. அங்கே நின்ற பலாமரம் சென்ற ஆண்டு அடித்த காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. அந்த இடத்தில் இனி ஒரே ஒரு பெரிய மரத்தைத்தான் வைக்க முடியும். அங்கே புலாசான் நடலாமா, பல ஆண்டுகள் காத்திருப்பதற்குத் தகுந்த மரந்தானா என்பதை, வளர்த்துப் பார்த்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இளையவர்களில் பலர் இந்தப் பழத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள் என்பதால் சிறிது விவரம் சொல்லிவிடுகிறேன். புலாசான் ரம்புத்தானுக்கு நெருங்கிய உறவு. ரம்புத்தானுக்கு இருப்பது போன்ற முடி இதற்குக் கிடையாது. தடித்த கருஞ்சிவப்புத் தோலின்மேல் மழுங்கிய குட்டை முட்கள் நெருக்கமாக இருக்கும். இதை உரிக்கக் கத்தி தேவையில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து எதிரெதிராகத் திருகினால் தோல் இரண்டாகக் கழன்றுவிடும். திருகுவதை மலாயில் 'புலாஸ்' என்பார்கள். பழத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ரம்புத்தானைவிட இனிப்பு மிகுதி. நல்ல மரத்துப் பழமென்றால் சதை கொட்டையை விட்டு எளிதில் பிரியும். கொட்டையைப் பச்சையாகவே மென்று தின்னலாம். பாதாம் பருப்பை நினைவூட்டும் சுவை.

என் அம்மா பால்வெட்டிய ரப்பர் தோட்டத்தில், வேலைக்குப் போவோரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு புலாசான் மரம் நிற்கிறது. நாங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், குடியிருந்த காலத்தில் அதன் பழத்தைத் தின்றுதான் வளர்ந்தோம். பால் மரங்கள் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. பிறகு லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. இப்போது அந்த நிலம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போகிறது என்று பலகை நட்டிருக்கிறார்கள். சென்ற பருவத்தில் அந்த மரத்தடியில் பொறுக்கிய பழங்களின் விதைகளை அன்று மாலையே மண்ணில் ஊன்றினேன். இரண்டு கன்றுகள் தங்கின. 14 மாதங்கள் ஆகின்றன. இடுப்பளவு உயரத்தில், பென்சில் பருமனில் பையிலேயே நிற்கின்றன.

என் ஐயங்கள் இவை. முதலாவது, இம்மரம் 110 மீட்டர் முதல் 350 மீட்டர் வரை உயரமுள்ள ஈரமான இடங்களில்தான் செழிக்கும் என்று படித்தேன்; எங்கள் ஊர் அவ்வளவு உயரத்தில் இல்லை. இரண்டாவது, என் கணவர் ஆர் 191 எனப்படும் 'அனாக் செக்கோலா' ரம்புத்தான் ஒட்டுக்கன்றை வாங்கி நட்டால் சில ஆண்டுகளில் பழம் கிடைக்கும் என்கிறார். அதை என்னால் மறுக்க முடியவில்லை. மூன்றாவது, நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் புலாசான் விதைக்கன்றை நம்ப முடியாது என்று மட்டும் சொன்னார், காரணம் சொல்லவில்லை. அம்மாவுக்கு 74 வயது ஆகிறது. அவர் வாயில் ஒரு பழமாவது போட வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் ஆசைக்காக இருக்கும் ஒரே இடத்தை வீணாக்கிவிடவும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கோலகங்சார்

வணக்கம், தங்கையே. உங்கள் நாற்றுப்பண்ணைக்காரர் சொல்லாமல் விட்ட காரணம் என் வீட்டு வாசலில் மரமாக நிற்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு தைப்பிங் சந்தையில் வாங்கிய பழத்தின் விதையை நட்டேன். ஆறாம் ஆண்டில் முதல் பூ வந்தது. கிளை நுனிகளில் பச்சை கலந்த சிறு பூக்கள் கொத்துக் கொத்தாய் நிறைந்தன. தேனீக்கள் நாள் முழுவதும் மொய்த்தன. அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் பழம் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று வாரத்தில் பூ முழுவதும் தரையில் கொட்டியது. ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை.

உரம் போதவில்லை என்று நினைத்துச் சாம்பல் சத்து மிகுந்த உரத்தை வைத்தேன். மறு ஆண்டு தண்ணீரைக் குறைத்தேன். அடிமரத்தில் பாராங் கத்தியால் கொத்தினால் காய்க்கும் என்று ஒரு பெரியவர் சொன்னார். அதையும் மனமில்லாமல் செய்தேன். மூன்றாம் முறை பூத்தபோது, பழமரங்களை நன்கறிந்த ஒருவர் ஒரு கொத்தை ஒடித்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாப் பூக்களிலும் மகரந்தம் மட்டுமே இருக்கிறது, சூல்பை வளரவே இல்லை, இது ஆண் மரம் என்றார். பப்பாளியில் ஆண் மரம் உண்டு என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். ரம்புத்தான் குடும்பத்திலும் உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

விதையிலிருந்து முளைப்பவற்றில் ஏறத்தாழப் பாதி ஆணாகவே போய்விடலாம் என்பதையும், பூக்கும்வரை அதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதையும் பிறகு அறிந்தேன். ஒரே இடம் வைத்திருப்பவர் விதைக்கன்றை நடுவது சரியன்று என்பது என் முடிவு. எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டாம்.

பதில்: பழக்கடை வைத்திருப்பவர், ஈப்போ

விற்பதற்காக என்றால் வேண்டாம் அம்மா. புலாசான் பழுக்கும் அதே வாரங்களில்தான் டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான் எல்லாம் கடைக்கு வருகின்றன. பை நிறையப் பணத்தோடு வருபவர் முதலில் டி 197 முசாங் கிங் டுரியானைத்தான் கேட்கிறார். மிச்சமிருக்கும் பணத்தில் மங்குஸ்தீன் வாங்குகிறார். புலாசான் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் வயதான மலாய்க்காரர்கள். அவர்கள் கண்டவுடன் வாங்கிவிடுவார்கள். மற்றவர்கள் முடி உதிர்ந்த பழைய ரம்புத்தான் என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். ஒன்றைத் திருகிக் கையில் கொடுத்தால்தான் வாங்குகிறார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ரம்புத்தான் இரண்டு மூன்று நாளில் முடி கறுத்துப் பார்க்க அழகில்லாமல் போய்விடும். புலாசானின் தடித்த தோல் அவ்வளவு விரைவில் வாட்டத்தைக் காட்டாது. ரம்புத்தான் எந்தக் கம்பத்திலும் (மலாய்க் கிராமத்திலும்) கிடைக்கும். எங்கும் கிடைப்பதை வீட்டில் வளர்த்துத்தான் தின்ன வேண்டும் என்பதில்லை. புலாசான் கடைக்கு வருவதோ ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. கம்பத்துப் பழத்தோப்புகளில் பழைய மரங்களை வெட்டிவிட்டு டுரியான் வைக்கிறார்கள். சுங்கை சிப்புட்டை அடுத்த லாசா பக்கத்திலிருந்து பூர்வகுடியினர் கொண்டுவரும் கூடைகளில்தான் நான் இப்போது அதை அதிகம் பார்க்கிறேன். வீட்டுக்காகவும் உறவுக்காகவும் ஒரு மரம் என்றால், கடையில் வாங்க முடியாததையே வையுங்கள்.

பதில்: மங்குஸ்தீன் வளர்ப்பவர், பீடோர்

ஆண் பெண் என்னும் சிக்கலே வேண்டாம் என்றால் மங்குஸ்தீன் வையுங்கள். அதன் விதை மகரந்தம் சேராமலே உருவாவதால், எந்தக் கன்றும் தாய் மரத்தைப் போலவே இருக்கும்; தனி மரமாக நின்றாலும் காய்க்கும். எட்டு, பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதே குறை.

பதில்: நாற்றங்காலில் ஒட்டுக்கட்டியவர், தாப்பா

அம்மா, வணக்கம். நான் 31 ஆண்டுகள் தோட்டத்து நாற்றங்காலில் பால்மரக் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டியவன். ஆர்.ஆர்.ஐ.எம். 600 முதல் பல இரகங்களை இந்தக் கையால் கட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு ரம்புத்தானுக்கும் புலாசானுக்கும் கட்டிக் கொடுக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பட்டது ஒன்றுதான். புலாசான் நடலாமா என்று கேட்கிறீர்கள்; ஆனால் நீங்கள் விரும்புவது ஏதோ ஒரு புலாசானை அன்று, ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் நிற்கும் அந்த மரத்தை. அதன் விதையில் அந்த மரம் இல்லை. அதன் பிள்ளைதான் இருக்கிறது. பிள்ளை தாயைப் போல இனிக்கலாம், புளிக்கலாம், ஆசிரியை அம்மாவின் மரத்தைப் போல ஆணாகவும் பிறக்கலாம். தாயே வேண்டுமென்றால் அதன் கிளையிலிருந்து கண், அதாவது இலைக்கணுவில் இருக்கும் மொட்டை, எடுக்க வேண்டும். அந்த மரம் இன்னும் நிற்கிறதா என்பதை முதலில் போய்ப் பாருங்கள். வெட்டிவிட்டார்கள் என்றால் அதோடு அந்த வழி அடைந்துவிடும்.

இது நமக்குப் புதிய வித்தை அன்று. கோலகங்சாரில் 1877இல் நட்டதாக இன்றும் காட்டுகிறார்களே ஒரு பால்மரம், அந்தக் காலத்து மரங்களெல்லாம் விதையில் முளைத்தவை. ஒரு மரம் வாளி நிறையப் பால் தரும், பக்கத்து மரம் சிரட்டையை நனைக்காது. நன்றாகப் பால் தந்த மரத்தின் கண்ணை எடுத்து மற்றக் கன்றுகளில் ஒட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் தோட்டம் முழுவதும் ஒரே சீராகப் பால் வந்தது. பழமரத்துக்கும் கணக்கு அதுவே.

உங்கள் இரண்டு விதைக்கன்றுகளை எறிந்துவிடாதீர்கள். பென்சில் பருமன் என்றீர்கள். ஒட்டுக் கட்ட அதுதான் பதம். வேர் அவற்றுடையதாக இருக்கட்டும், தலை தாய் மரத்துடையதாக இருக்கட்டும். ஆணோ பெண்ணோ, வேருக்கு அது பொருட்டே இல்லை. காலக் கணக்கிலும் இது இலாபம்: விதைக்கன்று ஐந்து, ஆறு ஆண்டில் பூப்பதை ஒட்டுக்கன்று மூன்று, நான்கு ஆண்டில் பூக்கும். உங்கள் கணவர் சொல்லும் ரம்புத்தானும் ஏறக்குறைய அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும் என்பதால், அந்த வாதம் இங்கே எடுபடாது.

உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் பேராக் மாநிலத்தின் தாழ்நிலக் காடுகளில் இயற்கையாகவே வளர்ந்த மரம் இது; உங்கள் தோட்டத்து மரம் இத்தனை ஆண்டுகள் காய்த்ததைவிட வேறு சான்று தேவையில்லை. ஈரக் காற்றும், தண்ணீர் தேங்காத மண்ணும் இருந்தால் போதும். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மாதம் வெயில் நன்றாகக் காய்ந்தால் அந்த ஆண்டு பூ அதிகமாக வரும். இடத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு: விட்டுவிட்டால் 10 முதல் 15 மீட்டர் வரை உயரும் மரம் இது. சுவரிலிருந்து குறைந்தது 5 மீட்டராவது தள்ளி நட்டு, ஆண்டுதோறும் பழம் பறித்தவுடன் நுனிகளைக் கவாத்துச் செய்தால் ஏணிக்கு எட்டும் உயரத்தில் நிறுத்தலாம். வௌவாலுக்கும் அணிலுக்கும் வலை போடவும் அதுதான் வசதி.

கேட்டவர்: சுங்கை சிப்புட் வாசகி

அனைவருக்கும் நன்றி. ஐயா எழுதியதைப் படித்த மறுநாள் காலையிலேயே தோட்டத்துக்குப் போனேன். மரம் நிற்கிறது. லயத்தின் கூரைகளைப் பிரித்துவிட்டார்கள். மண்வாரி இயந்திரம் செம்பனைப் பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்கியிருக்கிறது. அங்கிருந்த மேற்பார்வையாளரிடம் கேட்டதற்கு, கிளை வெட்டிக்கொள்ளத் தடையில்லை, ஆனால் மாத இறுதிக்குள் அந்தப் பகுதி முழுவதும் தரைமட்டமாகும் என்றார்.

ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். என் சிறு வயதில் அந்த மரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு புலாசான் நின்றது. ஆண்டுதோறும் பூக்கும், ஒருபோதும் காய்க்காது. மலட்டு மரம் என்று சொல்லி அதை விறகுக்கு வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் மரத்தில் காய்ப்புக் குறைந்துவிட்டது என்று அம்மா இன்றும் சொல்வார். அது வயதானதால் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆசிரியை அக்காவின் பதிலைப் படித்த பிறகு எனக்கு வேறு எண்ணம் வருகிறது.

பதில்: நாற்றங்காலில் ஒட்டுக்கட்டியவர், தாப்பா

உங்கள் எண்ணம் சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காய்க்கும் மரத்தின் பூக்களில் சூல்பையும் மகரந்தப் பையும் இரண்டும் இருந்தாலும், பெரும்பாலானவற்றில் மகரந்தப் பை திறப்பதில்லை. மிகச் சிலவே மகரந்தம் தருகின்றன. பக்கத்தில் ஆண் மரம் இருந்தால் தேனீக்கள் அந்தக் குறையை நிரப்பிவிடும். மலட்டு மரம் என்று நீங்கள் வெட்டியது காய்க்கும் மரத்துக்குத் துணையாக நின்ற மரம். அதற்குப் பின்னும் ஓரளவு காய்த்தது என்றால் தாய் மரத்துக்குச் சொந்த மகரந்தமும் கொஞ்சம் இருக்கிறது. ஆகவே தனி மரமாக வைத்தாலும் வெறுங்கையாகப் போகாது. நிறையக் காய்க்க வேண்டுமானால், மரம் தலையெடுத்த பிறகு ஒரே ஒரு கிளையில் ஆண் மரத்தின் கண்ணை ஒட்டிவிடலாம். அதற்கு இன்னொரு மரம் நட இடம் தேட வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியது: வெயில் படும் கிளைகளில், துளிர் முற்றி இலை கரும்பச்சையான குச்சிகளைத் தேர்ந்தெடுங்கள். இலைகளைக் காம்பு விட்டுக் கத்தரித்துவிட்டு இரண்டு வாரம் விட்டால் கண்கள் பருக்கும். உங்களுக்கு அவகாசம் குறைவு என்பதால் இன்றே கத்தரித்துவிட்டு வாருங்கள். வெட்டிய குச்சிகளை ஈரத் துணியில் சுற்றி வாழை மட்டைக்குள் வைத்துக் கட்டி எடுத்து வந்து, அன்றே அல்லது மறுநாள் ஒட்ட வேண்டும்.

கன்றின் தண்டில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பட்டையை இரண்டு கோடாகக் கீறி, மேலே குறுக்கே கீறினால் பட்டை நாக்குப் போல உரிந்து வரும். வரவில்லை என்றால் கன்று வறண்டிருக்கிறது. ஒரு வாரம் தண்ணீர் விட்டுப் பிறகு முயலுங்கள். நாக்கின் பெரும்பகுதியை அறுத்துவிட்டு, கீழே மிஞ்சும் சிறு மடிப்பில் கண்ணுள்ள பட்டைத் துண்டைச் செருகுங்கள். உட்புறத்தில் விரல் படக்கூடாது. பிளாஸ்டிக் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். ஓட்டுக் கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்தால்தான் மழைநீர் உள்ளே இறங்காது. மூன்று வாரம் கழித்து அவிழ்த்து, நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. கறுத்திருந்தால் தண்டின் மறுபக்கத்தில் மீண்டும் கட்டலாம். கை பழகாதவர் முதல் முறையிலேயே செய்வது கடினம். உங்கள் ஊரிலேயே நாற்றங்காலில் வேலை செய்த பெரியவர்கள் இருப்பார்கள்; கேட்டுப் பாருங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கோலகங்சார்

ஐயா, என் ஆண் மரத்தை வெட்ட ஆள் சொல்லியிருந்தேன். உங்கள் பதிலைப் படித்துவிட்டு நிறுத்திவிட்டேன். அதைத் தாழ வெட்டித் துளிர்க்கவிட்டு, அந்தத் துளிர்களில் காய்க்கும் மரத்தின் கண்ணை ஒட்ட முடியுமா? முடியுமென்றால் தங்கையின் தோட்டத்து மரத்திலிருந்து எனக்கும் நான்கைந்து குச்சிகள் வேண்டும். அவருக்கு ஆண் கண் தேவைப்படும்போது என் மரத்திலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

பதில்: நாற்றங்காலில் ஒட்டுக்கட்டியவர், தாப்பா

தாராளமாக முடியும். இடுப்பளவு உயரத்தில் வெட்டுங்கள். ஆனால் ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டாமல் விடுங்கள். மரம் மூச்சு விடவும், பின்னால் மகரந்தம் தரவும் அந்த ஒரு கிளை வேண்டும். புதுத் துளிர்கள் பென்சில் பருமனாக இன்னும் பல மாதங்கள் ஆகும் என்பதால், தோட்டத்து மரத்தின் குச்சி இப்போது உங்களுக்குப் பயன்படாது. அந்தத் தங்கையின் கன்று வளர்ந்து கிளைவிட்டதும் அதிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் அதே மரந்தான்.

கேட்டவர்: சுங்கை சிப்புட் வாசகி

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) முன்பு ஒட்டுக்கட்டும் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருப்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய கை நடுங்குகிறது. ஆனால் கத்தியைப் பிடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. ஒரு கன்றுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணாக நான்கு கண்கள் கட்டினார். மூன்று வாரத்தில் அவிழ்த்தபோது மூன்று பச்சையாக இருந்தன. ஒன்றில் இப்போது அரிசி அளவு முளை தெரிகிறது. தோட்டத்து மரத்தை நாங்கள் குச்சி எடுத்த ஒன்பதாம் நாள் சாய்த்துவிட்டார்கள்.

அம்மா முளையைத் தினமும் காலையில் போய்ப் பார்க்கிறார். கன்றின் தலையை எப்போது வெட்டுவது, குழி எவ்வளவு ஆழம் எடுப்பது என்று ஐயா சொல்ல வேண்டும். இரண்டும் பிழைத்தால் ஒன்றைக் கோலகங்சாருக்கு அனுப்புகிறேன். ஆசிரியை அக்கா அதன் கிளை பருத்ததும் தம் மரத்துக்குக் கண் எடுத்துக்கொள்ளலாம்.

பதில்: நாற்றங்காலில் ஒட்டுக்கட்டியவர், தாப்பா

முளை தெரிகிறது என்றால் இப்போதே வெட்டலாம். கண்ணுக்கு மேல் நான்கு விரற்கடை விட்டு, வெட்டு கண்ணுக்கு எதிர்ப்பக்கமாகச் சரியும்படி அறுங்கள். வெட்டுவாயில் மெழுகோ வண்ணப்பூச்சோ தடவுங்கள். இன்னும் முளைக்காத கன்றையும் அதேபோல வெட்டுங்கள், முளைத்துவிடும். கண்ணுக்குக் கீழே வரும் துளிர்களை வந்தவுடன் கிள்ளிவிட வேண்டும். அவை விதைக்கன்றின் துளிர்கள். விட்டுவைத்தால் ஒட்டை அமுக்கிவிடும். புதுத் தளிர் இரண்டு முறை இலைவிட்டு முற்றும்வரை பையிலேயே நிழலில் இருக்கட்டும். குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். தோண்டிய மேல்மண்ணோடு மக்கிய சாணமும், செம்பனைக்குப் போடுவார்களே கிறிஸ்மஸ் தீவுப் பாறைப் பாஸ்பேட், அதில் இரண்டு கைப்பிடியும் கலந்து நிரப்பி, இரண்டு வாரம் மண் அமர்ந்த பிறகு நடுங்கள். ஒட்டுவாய் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். முதல் ஆண்டு முழுவதும் மேற்குப் பக்கம் தென்னங்கீற்றால் ஒரு மறைப்புக் கட்டிவிடுங்கள்.